ஏணி பிடிக்கும் ஆள்

என் கொழுந்தன் பிரேம் கோயம்புத்தூரில் வேலை பார்த்த கம்பெனியில், உள்ளே நுழையும்போதே செல்போனைப் பூட்டி வைத்துவிட வேண்டும். சுவரோரமாக ஆளுக்கொரு சின்ன இரும்புப் பெட்டி. வேலை முடிந்து வெளியே வரும்போதுதான் எடுக்கலாம். உள்ளே அவனுக்கு என்ன வேலை என்றால், நாள் முழுக்க மற்றவர்களின் போனை எடுப்பது. கம்ப்யூட்டர் திறக்கவில்லை, பாஸ்வேர்டு மறந்துபோனது, பிரிண்டர் ஓடவில்லை என்று எந்தெந்த ஊர் ஆபீஸிலிருந்தோ கூப்பிடுவார்கள். மணி அடித்தவுடன் எடுத்துவிட வேண்டும். தாமதமானால் அவன் பேருக்கு நேராகச் சிவப்பு விழும்.

ஒரு தீபாவளிக்கு வந்திருந்தபோது இதைச் சிரித்துக்கொண்டே சொன்னான்.

“அப்ப உன்ற போனை யாரு எடுப்பா சாமி?” என்று கேட்டார் என் மாமியார் கண்ணாயி அத்தை.

“அது பெட்டிக்குள்ள தூங்கும்மா.”

எல்லோரும் சிரித்தோம். அவன் மனைவி கோகிலாவும் சிரித்தாள்.

மலையில் சில ஊர்களைச் சேர்த்து ஒரு நாடு என்போம். எங்கள் ஊர் குண்டூர் நாட்டில் ஒரு பள்ளத்துக்குள் இருக்கிறது. சுற்றிலும் மேடு. மேட்டில் மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள், கீழே மரவள்ளி. பள்ளத்துக்குள் எந்தப் போனும் எடுக்காது. பேச வேண்டுமென்றால் பலாமரங்களைத் தாண்டி, மூச்சு வாங்க மேலே ஏறி, ஒரு பாறையின் கிழக்கு ஓரத்தில் நிற்க வேண்டும். அங்கேயும் காற்றடித்தால் விட்டு விட்டுத்தான் கேட்கும். அதனால் எல்லோரும் கத்திப் பேசுவார்கள். யாருக்குப் பெண் பார்க்கிறார்கள், யார் வீட்டில் மாமியார் மருமகள் சண்டை என்பதெல்லாம் பாறையடியில் மாடு மேய்ப்பவர்களுக்கு முதலில் தெரிந்துவிடும்.

இந்த ஊரில் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆள் பிரேம். நாமக்கல்லில் டிப்ளமோ படித்தான். கம்பெனியில் சேர்ந்த அடுத்த வருடமே திருப்புலி நாட்டிலிருந்து சென்றாயன் மாமா தன் பெண்ணைக் கொடுத்தார். அந்த அட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் அவர் தலையாட்டினார். நான் காப்பி கொண்டுபோய் வைத்துவிட்டு, கதவோரம் நின்று பார்த்தேன்.

கோயம்புத்தூரில் பிரேம் நான்கு பையன்களோடு ஓர் அறையில் இருந்தான். மனைவியை அங்கே வைத்துக்கொள்ள முடியாது. கோகிலா எங்களோடு இருந்தாள். நானும் அவளும் ஒரே அடுப்பில் சமைத்தோம். அவன் சம்பளம் மாதம் தவறாமல் வந்தது. அவன் வருவதுதான் தவறிக்கொண்டே போகும்.

முதல் பிள்ளை அவள் வயிற்றில் இருந்தபோது ஏழு மாதம் முடிந்திருந்தது. ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் ஆண்கள் எல்லோரும் களை எடுக்கப் போயிருந்தார்கள். தண்ணீர்க் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு அவள் அப்படியே உட்கார்ந்தாள்.

“அக்கா, என்னமோ மாதிரி இருக்குதுக்கா.”

புடவையைப் பார்த்தேன். அத்தையைக் கூப்பிட்டு அவளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு பாறைக்கு ஓடினேன். ஈரத்தில் இரண்டு இடத்தில் விழுந்தேன். மேலே போய் ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். வண்டி தார் ரோடு வரைக்கும்தான் வரும், அங்கே கொண்டுவந்துவிடுங்கள் என்றார்கள். அப்புறம் பிரேமுக்குப் போட்டேன். மணி முழுதாக அடித்து நின்றது. மறுபடி போட்டேன். மறுபடியும் அடித்து நின்றது. கைக்கு வலிக்கும் வரை போட்டேன். கீழே இறங்கி ஆட்களைக் கூட்டி, போர்வையை மூங்கிலில் கட்டி, அவளை அதில் வைத்துத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வருவதற்குள் பொழுது ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கோகிலாவைக் காப்பாற்றிக் கொடுத்தார். பிள்ளை பிறக்கும்போதே மூச்சு இல்லை. பையன்.

பிரேம் மறுநாள் வந்து சேர்ந்தான். தூங்காத முகம். கழுத்தில் அந்த அட்டை அப்படியே தொங்கியது. கோகிலாவின் கட்டிலருகே வந்த பிறகுதான் அது அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். கழற்றிச் சட்டைப் பைக்குள் திணித்தான். கயிறு மட்டும் வெளியே தொங்கியது.

“அக்கா பாறை மேல நின்னு கூப்புட்டாங்களே. கேக்கலீங்களா?” என்று கேட்டாள் கோகிலா. அழவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“பெட்டிக்குள்ள இருந்துச்சு கோகிலா.”



அவன் கோயம்புத்தூருக்குத் திரும்பிப் போனது துணிமணியை எடுத்து வரத்தான். வேலையை விட்டுவிட்டேன் என்று அவன் சொன்னபோது என் வீட்டுக்காரர் முரளி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டார். சென்றாயன் மாமாதான் நேரில் வந்தார்.

“ஏனுங்க மாப்பிள்ளை, கழுத்துல அட்டை மாட்டுன மாப்பிள்ளைன்னுதானே பொண்ணக் குடுத்தேன்? கெழங்கு புடுங்குற மாப்பிள்ளை எங்க நாட்டுலயே கெடைக்குமே.”

“நான் கெழங்கு புடுங்கப் போறதில்லீங்க மாமா. எனக்குத் தெரிஞ்ச வேலையை இங்க இருந்தே செய்யப் போறேன்.”

“இங்க என்னத்தக் கம்ப்யூட்டரு? கோழிக்குப் பாஸ்வேர்டு போடுவீங்களா?”

அத்தைக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிரேம் சிரிக்கவில்லை.

“எம்பொண்டாட்டி கூப்புட்டா என்ற காதுக்கு வரோணும் மாமா. அவ்வளவுதான். அதுக்கு எந்த வேலை ஒத்து வருதோ அதைச் செய்யறேன்.”

அவன் அதை மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் அதற்குப் பிறகு அவன் செய்த எல்லாமே அந்த ஒரு பேச்சுக்காகத்தான் என்று எனக்குத் தோன்றும்.

பழைய வண்டி ஒன்று வாங்கினான். பின்னால் ஒரு பெட்டி பூட்டி, ஒயர் சுருள், கொறடு, சோதிக்கும் கருவி, மரமேறும் இடுப்புப் பெல்ட் எல்லாம் அதில் போட்டான். மலை முழுக்கச் சுற்றினான். செம்மேட்டில் ஒரு கடைக்குக் கேமரா, ரிசார்ட்டுகளுக்கு வைஃபை, பள்ளிக்கூடத்தில் நின்றுபோன கம்ப்யூட்டர், சோளக்காடு ஊரில் ஒருவருக்கு டிவி. யார் கூப்பிட்டாலும் போனான். சில வாரம் மூச்சுவிட நேரம் இருக்காது. சில வாரம் முழுக்க வண்டியைத் துடைத்துக்கொண்டு வாசலில் நிற்பான். சொந்தக்காரர்கள் வேலை முடிந்ததும் மரவள்ளிக் கிழங்கும் பலாப்பழமும் கொடுத்து அனுப்புவார்கள். அவர்களிடம் காசு கேட்க முடியாது. ரிசார்ட்டுக்காரர்கள் கைகுலுக்கி, அடுத்த தடவை வரும்போது சேர்த்து வாங்கிக்கொள் என்பார்கள். அவர்களிடமும் கேட்கமாட்டான், கேட்டால் அடுத்த தடவை ராசிபுரத்திலிருந்து ஆள் வந்துவிடும். கம்பெனியில் இருந்தபோது அவன் முகத்தில் இல்லாத ஒரு பதற்றம் இப்போது வந்திருந்தது. சாப்பிடும்போதுகூடப் போன் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும்.

அதற்கு நடுவே அவன் ஊருக்குப் போன் கொண்டுவந்தான். மேட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு கடையில் இன்டர்நெட் இருந்தது. அந்தக் கடையின் மாடியில் வெள்ளையாகக் கிண்ணம் மாதிரி ஒன்றை வைத்தான். அதைப் பார்க்கிற மாதிரி இன்னொரு கிண்ணத்தை இங்கே உயரத்தில் வைக்க வேண்டும். பள்ளத்திலிருந்து அந்தக் கடைத் திசைக்கு மறைப்பில்லாமல் நிற்பது எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சில்வர் ஓக் ஒன்றுதான். அதன் உச்சியில் கட்டினான். ஒயர் மரத்தோடு இறங்கி எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு பெட்டிக்கு வந்தது. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தால், பள்ளத்துக்குள் எந்த வீட்டிலிருந்தும் பேசலாம்.

முதலில் பேசியது அத்தை. தேவனூர் நாட்டில் கட்டிக்கொடுத்த தங்கைக்கு அடுப்படியில் உட்கார்ந்தபடியே போட்டு, பாறை மேல் நிற்பதாக நினைத்துக்கொண்டு கத்தினார்.

“மெதுவா பேசும்மா, காது போகுது அவங்களுக்கு,” என்றான் பிரேம்.

“மெதுவா பேசுனா அவ்வளவு தூரம் எப்படி சாமி போகும்?”

பிள்ளை போன பிறகு கோகிலா வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கிண்ணம் கட்ட அவன் மிளகு பறிக்கும் ஏணியில்தான் ஏறினான். அது ஒற்றை மூங்கில். கணுவில் கால் வைக்கும் அளவுக்குக் கிளையை விட்டு மற்றதை வெட்டியிருப்பார்கள். அதை மரத்தில் சாய்த்துவிட்டால் போதாது. கீழே ஒருவர் அடியில் கால் கொடுத்து, உடம்பால் சாய்ந்து பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். சில்வர் ஓக் நெட்டுக்குத்தாக வளரும் மரம், கிளைக்குப் பிடிமானம் கிடையாது. வெயில் இறங்குவதற்காக வருடா வருடம் கிளை கழிப்போம். கழித்த இடத்தில் புதுக்கொம்பு பச்சையாகத் தடித்து வரும். பார்த்தால் யானையே நிற்கலாம் போலிருக்கும். ஆனால் அது பட்டையோடு மட்டும்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். ஏணியை விட்டுக் கொம்பில் கால் வைக்காதே என்று எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கே சொல்வோம். அன்றைக்கு ஏணி பிடித்தவள் கோகிலா. அவன் மேலே போனதும் ஏணியில் கன்னத்தை வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள்.

அடுத்த வருடம் அவள் மறுபடி முழுகாமல் இருந்தாள்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மனைவி வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது அவள் புருஷனுக்கு யாரும் ஏணி பிடிக்க மாட்டார்கள். விழுந்தால் மூன்று உயிரின் பாவம் பிடித்தவன் தலையில் என்பார்கள். அது கொடுமையான வழக்கம் இல்லை. அவன் தோட்டத்து மிளகை மற்றவர்கள் ஏறிப் பறித்துக் கொடுப்பார்கள். அவன் கீழே நின்று மிதித்துக் காயப்போடுவான். என் பிள்ளைகளுக்கு நான் சுமந்திருந்தபோது முரளிக்கும் அப்படித்தான் பறித்துக் கொடுத்தார்கள். ஆனால் மிளகென்றால் யாரும் பறிக்கலாம். கிண்ணத்தைத் திருப்ப யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் பயம்.

“ஒயர் இருக்குதப்பா. கரண்டு புடிச்சுதுன்னா?” என்பார்கள்.

“அதுல கரண்டு இல்லீங்க.”

“இல்லாமதான் வெளக்கு எரியுதா?”

வெளியே ரிசார்ட்டுகளில் அவன் ஏறிக்கொண்டுதான் இருந்தான். அங்கே அலுமினிய ஏணி. பிடிக்கிறவன் எந்த ஊர்க்காரனோ. இவன் வீட்டில் யார் முழுகாமல் இருக்கிறார்கள் என்று அவனுக்கென்ன தெரியும். யாரோ பார்த்து அத்தையிடம் சொல்லிவிட்டார்கள். அத்தை அன்றைக்குச் சோறு சாப்பிடவில்லை.

“ஏற மாட்டேன்னு சொன்னா அந்த வேலை இன்னொருத்தனுக்குப் போயிரும்மா,” என்றான் அவன்.

“போகட்டும். நீ இருப்பயல்ல?”

கோகிலாவுக்கு ஆறாவது மாதம் நடந்தபோது கம்பெனியிலிருந்தே கூப்பிட்டார்கள். பழைய இடம் காலியாக இருக்கிறது, வருகிறாயா என்று. சென்றாயன் மாமா தகவல் தெரிந்து அன்றைக்கே வந்துவிட்டார். இந்தத் தடவை கேலி பேசவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

“போயிருங்க மாப்பிள்ளை. பொறக்கப் போற பிள்ளைக்கு ஒரு நெலையான சம்பளம் வேணுமுங்க. இவளை நான் எங்கூட்டுக்குக் கூட்டிட்டுப் போயி வெச்சுக்கறேன்.”

“உங்க ஊட்டுல போன் எடுக்குமுங்களா மாமா?”

“எடுக்காது. அதுக்கென்ன?”

“எடுத்தாலும் நான் அங்க பெட்டிக்குள்ள வெச்சிருப்பேன்.”

மாமா எழுந்து மகளைப் பார்த்தார். கோகிலா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அந்தச் சம்பளம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்த மாதம் நாங்கள் கடையில் பொருள் வாங்கிய விதம் எனக்குத்தானே தெரியும். ஆனால் அவள், “அவரு இங்கயே இருக்கட்டுமுங்கப்பா,” என்றாள்.

சித்திரையில் ஒரு சாயங்காலம் சூறைக்காற்றோடு மழை அடித்தது. மரவள்ளி படுத்துவிட்டது. கரண்டு போய்விட்டது. காலையில் பார்த்தால் சுவர்ப் பெட்டியில் பச்சைக்குப் பதில் சிவப்பு. பெட்டிக்கு அவன் தனியாக பேட்டரி வைத்திருந்தான். அதனால் கரண்டில் குறையில்லை. மேலே காற்றில் கிண்ணம் திரும்பியிருந்தது. கீழே நின்று பார்த்தாலே தெரிந்தது. யாராவது ஏறினால் கீழிருந்து சொல்கிறேன் என்று பிரேம் வீடு வீடாகப் போய்க் கேட்டான். அன்றைக்குச் சந்தை. இருந்த ஆண்களில் பாதிப்பேர் போய்விட்டார்கள். மீதி இருந்தவர்கள், ஈரமரம், நாளைக்கு ஏறிப் பார்க்கிறோம் என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. கோகிலாவுக்கு டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

அவன் திரும்பி வந்து வாசலில் நின்று மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே, உள்ளே அவளுக்கு இடுப்பு வலி வந்துவிட்டது. பனிக்குடம் உடைந்தது. தண்ணீரோடு கொஞ்சம் ரத்தமும் இருந்தது. அதைப் பார்த்ததும் அவள் என் கையைப் பிடித்தாள். அதற்குப் பிறகு விடவே இல்லை.

முரளி என் போனை எடுத்துக்கொண்டு பாறைக்கு ஓடினார். பிரேமை வீட்டோடு இருக்கச் சொல்லிவிட்டுத்தான் போனார். ஆனால் போனவர் பேசினாரா, பாறை மேல் போன் எடுத்ததா, காற்றில் எல்லாம் போய்விட்டதா என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரிய வழியில்லை. அவர் இறங்கி வந்து சொன்னால்தான் உண்டு. பிரேம் உள்ளே வருவான். கோகிலாவின் தலையைத் தொடுவான். சுவரில் சிவப்பைப் பார்ப்பான். வெளியே போவான். பாறைப் பக்கம் பார்ப்பான். மூன்றாம் முறை வெளியே போனவன் கொட்டகையிலிருந்து ஏணியை இழுத்து வரும் சத்தம் கேட்டது.

“அம்மா, வா. வந்து புடி.”

“எறங்கு சாமி. கால எடு அதுல இருந்து.”

“அவ உள்ள கெடக்கறாம்மா. அன்னைக்கு மாதிரி ஆயிரும். செம்மேட்டுல ஜீப் வெச்சிருக்கறவன் நம்பர் எங்கிட்ட இருக்குது. ஒரு போன். ஒரே ஒரு போன் போட்டா வந்துருவான்.”

“உங்கண்ணன் போயிருக்கறான்.”

“அவன் பேசுனானா உனக்குத் தெரியுமா?”

“நான் புடிக்க மாட்டேன். நான் புடிச்சு நீ ஏறுனா மூணு உசுரும் என்ற கையில. நான் பெத்தவடா. என்னைய அதைச் செய்யச் சொல்லாத.”

உள்ளிருந்து கதவு வழியாக அத்தையைப் பார்த்தேன். மரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். தான் பிடிக்காவிட்டால் அவன் ஏற மாட்டான் என்று நினைத்தார். எங்கள் ஊரில் ஏணி பிடிக்க ஆளில்லாமல் யாரும் ஏறியது கிடையாது. அப்படி ஒன்று நடக்கும் என்பதே அவர் நினைப்பில் வந்திருக்காது.

இடுப்புப் பெல்ட் வண்டிப் பெட்டிக்குள் இருந்தது. அதை எடுக்க அவன் போகவில்லை.

கொஞ்ச நேரத்தில் மேலிருந்து அவன் குரல் கேட்டது.

“அண்ணி! பச்சை எரியுதான்னு பாருங்க!”

“இல்ல, செவப்பு!”

“இப்ப?”

சிவப்பு அணைந்தது. ஒன்றும் எரியவில்லை. பிறகு பச்சை வந்தது.

“பச்சை! பச்சை எரியுது பிரேமு!”

“அப்படியே இருங்க, நான் ஜீப்காரனைக் கூப்புடறேன்!”

கோகிலா என் கையைப் பிடித்தபடியே, “பேசிட்டாருங்களா அக்கா?” என்றாள். அலமாரி மேல் இருந்த அவள் போனை எடுக்க நான் எழுந்தேன். அப்போதுதான் கொம்பு முறியும் சத்தம் கேட்டது. அது பெரிய சத்தம் இல்லை. ஈரத்துணியைக் கிழிப்பது மாதிரி இருந்தது. அடுத்த சத்தம்தான் பெரிதாக இருந்தது. அதற்குப் பிறகு அத்தையின் குரல்.

ஏணி கிண்ணத்துக்குக் கீழேயே முடிந்துவிடும். கிண்ணத்தைப் பிடிக்கவும் போன் போடவும் இரண்டு கையும் வேண்டியிருந்ததால் அவன் ஒரு காலைக் கொம்பில் வைத்திருக்கிறான். நடக்கத் தெரிந்த பிள்ளைக்கே நாங்கள் சொல்லும் அந்தக் கொம்பில்.

முரளி இறங்கி ஓடி வந்தபோது முற்றத்தில் தம்பி கிடந்தான். அவர் சொல்ல வந்த வார்த்தை வாயிலேயே இருந்தது. “வண்டி கெளம்பிருச்சு,” என்று அதைத்தான் முதலில் சொன்னார். சொல்லிவிட்டுத்தான் தம்பியைப் பார்த்தார்.

ஊரில் இருந்த ஆண்கள் எல்லோரும் வந்தார்கள். அதுவரை மரத்தில் ஏறப் பயந்தவர்கள் கதவைக் கழற்றி அவனை அதில் கிடத்தினார்கள். கோகிலாவைப் போர்வையில் தூக்கினோம். முன்னால் அவள், பின்னால் அவன். அவள் திரும்பிப் பார்க்கக் கூடாதென்று நான் அவள் தலைப்பக்கமாகவே நடந்தேன். ஆனால் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒரு தடவை, “அவருக்கு மூச்சு இருக்குதுங்களா அக்கா?” என்று மட்டும் கேட்டாள். இருக்கிறது என்றேன்.

தார் ரோட்டில் ஆம்புலன்ஸ் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் கதவைத் திறந்து வைத்திருந்தார். எங்களைப் பார்த்துவிட்டு, “ஒரு ஆளுன்னுதானே சொன்னாங்க?” என்றார்.

முதலில் கோகிலாவை ஏற்றினோம்.

பெண் குழந்தை. நல்லபடியாகப் பிறந்தது. எடை கொஞ்சம் குறைவு, ஆனால் அழுகை பலமாக இருந்தது. பிரேமைச் சேலம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். முதுகெலும்பில் அறுவை செய்தார்கள். மாதக்கணக்கில் அங்கே கிடந்தான். திரும்பி வந்தபோது இடுப்புக்குக் கீழே அவனுக்கு ஒன்றும் தெரியாமல் போயிருந்தது. கால் மேல் எறும்பு ஊர்ந்தாலும் நாங்கள்தான் பார்த்துத் தட்டிவிட வேண்டும்.

அவன் கட்டிலை ஜன்னலோரம் போட்டோம். அங்கிருந்து மரத்தின் அடி தெரியும். அவன் வேறு பக்கம் போடச் சொல்லவில்லை. சுவர்ப் பெட்டியும் கண்ணுக்கு நேராக இருக்கும். பக்கத்திலேயே தொட்டில். காதில் ஒயர் மாட்டிக்கொண்டு படுத்திருப்பான். மலையில் அவன் வேலை செய்து கொடுத்த இடங்களிலிருந்து இன்னும் கூப்பிடுகிறார்கள். ஏறி இறங்க முடியாதென்று தெரியும். வாயால் சொல்லச் சொல்லிக் கேட்கிறார்கள்.

“பின்னாடி நீல ஒயர் இருக்குதுங்களா? அதைப் புடுங்கிட்டு மறுபடி சொருகுங்க. இல்லீங்க, நீலம். ஆமாங்க. வெளக்கு எரியுதா பாருங்க.”

மணி அடித்தவுடன் எடுத்துவிடுகிறான். பழைய பழக்கம். சிலர் மாதத்துக்கு ஏதோ அனுப்புகிறார்கள். சிலர் நன்றி சொல்லி வைத்துவிடுகிறார்கள்.

சென்றாயன் மாமா வாரம் ஒருமுறை வருகிறார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கம்பெனியைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. பேசினால்கூடப் பரவாயில்லை என்று எனக்கு இருக்கும்.

ஒரு மத்தியானம் நான் கஞ்சி கொண்டுபோனபோது பிரேம் பழைய போனை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். விழுந்தபோது திரை உடைந்தது. ஒரு மூலை மட்டும் தெரியும்.

“ஜீப்காரனுக்குப் போன் போகவே இல்லை அண்ணி,” என்றான். “நம்பர் இருக்குது. கூப்புட்டதாவே இல்லை. பேர அமுக்கறதுக்குள்ள விழுந்துட்டேன்.”

நான் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

“அண்ணன் எப்பவோ பேசிட்டான். நான் ஏணிய எடுக்கறதுக்கு முன்னாலயே பேசிட்டான். உங்க போனுல நேரத்தப் பாத்தேன்.” போனைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு, “அம்மாகிட்ட சொல்லாதீங்க,” என்றான்.

“சொல்லலை.”

“அவனாவது பாறைல இருந்து ஒரு கொரலு குடுத்திருக்கலாம். ஆனா கேக்காதில்ல. பள்ளத்துக்குக் கேக்காது.”

கஞ்சியைக் குடித்தான். குழந்தை அழுதது. தொட்டில் கயிறு அவன் கையில் இருந்தது, இழுத்து ஆட்டினான்.

அத்தையிடம் நான் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குத் தெரிந்தது எதுவோ அதுவே போதுமானதாக இருந்தது. அவர் அந்த மரத்தடியில் நடப்பதை விட்டுவிட்டார். தண்ணீருக்குப் போக வேண்டுமென்றால்கூட வீட்டைச் சுற்றிக்கொண்டு போவார். ஏணி கொட்டகைக்குப் பின்னால் கிடந்தது. அந்த வருட மிளகை வேறு ஏணி கொண்டுவந்துதான் பறித்தோம். மகனுக்குச் சோறு ஊட்டுவார், உடம்பு துடைத்துவிடுவார். அவன் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார். அவனும் அவரை அம்மா என்று கூப்பிட்டு ஒன்றும் கேட்கமாட்டான். தண்ணீர் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுவான்.

இந்த வருடக் காற்றில் கிண்ணம் மறுபடி திரும்பிவிட்டது. பெட்டியில் சிவப்பு. பிரேமின் போன் அடிக்கவில்லை. காலையிலிருந்து அவன் காதில் ஒயரை மாட்டியபடியே சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். ஊருக்குள் அடுத்த மாதம் பிள்ளை பெறப்போகிறவள் ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் இரண்டு தடவை வந்து வாசலில் நின்று மரத்தைப் பார்த்துவிட்டுப் போனான். 

கோகிலா குழந்தையைத் தொட்டிலில் போட்டாள். புடவையைத் தூக்கிச் செருகினாள். உள்ளே முரளியின் பழைய பேன்ட் போட்டிருந்தாள். வண்டிப் பெட்டியைத் திறந்து பெல்ட்டை எடுத்தாள். கொட்டகைக்குப் பின்னால் போய் ஏணியை இழுத்து வந்தாள்.

“வேண்டாம் கோகிலா,” என்றான் பிரேம் ஜன்னலிலிருந்து.

“எந்தப் பக்கம் திருப்போணும்னு மட்டும் சொல்லுங்க.”

“உனக்கு ஒண்ணுன்னா பிள்ளைக்கு யாரு?”

“அந்தப் பிள்ளைக்காகத்தானே நீங்க ஏறுனீங்க.”

அவனால் எழுந்து வந்து தடுக்க முடியாது. அது அவளுக்கும் தெரியும்.  நான் போய் ஏணியின் அடியில் நின்றேன்.  அவள் பெல்ட்டை மாட்டிக்கொண்டு முதல் கணுவில் கால் வைத்தாள்.

அப்போது பின்னாலிருந்து என் தோளில் ஒரு கை பட்டது.

“தள்ளு கண்ணு,” என்றார் அத்தை.

நான் நகர்ந்தேன். அவர் ஏணியை இரண்டு கையாலும் பிடித்து ஒரு தடவை அசைத்துப் பார்த்தார். பிறகு அடியில் பாதத்தை வைத்தார்.

ஜன்னலிலிருந்து பார்த்தால் மரத்தின் அடி தெரியும் என்று சொன்னேனே, ஆனால் அத்தை நின்றது மரத்துக்கு அந்தப்பக்கம். பிரேமுக்குத் தெரியவில்லை.

“அண்ணி! யாரு ஏணி புடிக்கறது?”

நான் அத்தையைப் பார்த்தேன்.

“நாந்தான் சாமி,” என்றார் அத்தை.

 கோகிலா இரண்டாம் கணுவில் அப்படியே நின்றாள்.

“பெல்ட்டை மரத்தோட சேத்து மாட்டச் சொல்லும்மா,” என்றான் பிரேம். “கொம்புல கால் வெக்க வேண்டாம்னு சொல்லு.”

“கேட்டுதா கண்ணு?”

“கேட்டுதுங்கத்தை.”

அவள் ஏற ஆரம்பித்தாள். அத்தை மேலே பார்க்கவில்லை. ஏணியில் நெற்றியை வைத்து, முழு உடம்பையும் கொடுத்துச் சாய்ந்து நின்றார். உள்ளே பெட்டியில் விளக்கு என்ன நிறத்தில் எரிகிறது என்று பார்த்துச் சொல்ல, நான் வீட்டுக்குள் போனேன்.